நவம்பர் 1-ல அப்படி என்ன இருக்கு? (எல்லைப் பக்கத்துக்காரங்க வாங்க)

கேள்வி, அக்டோபர் 27

அண்ணாச்சி, எங்க குரூப்ல ஒரு மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கு. நவம்பர் 1 இந்தியாவுலயே ராசியான தேதியாம், கேரளா, கர்நாடகா, ஆந்திரா, மத்திய பிரதேசம், பஞ்சாப், ஹரியானா, சத்தீஸ்கர் எல்லாமே அன்னைக்குத்தான் பிறந்துச்சாம், டெல்லியில பெரிய ஜோசியர் ஒருத்தர் குறிச்சுக் குடுத்த நாளாம். நம்பலாமா? ஆரியங்காவுல படிக்கிற எங்க அக்கா மகளுக்கு அன்னைக்கு செட்டுமுண்டு கட்டி ஸ்கூல்ல விழா. செங்கோட்டையில படிக்கிற என் பையனுக்கு வெறும் வகுப்பு. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு மலைதானே கிடக்கு?

அக்டோபர் 27, ராத்திரி

ஜோசியரெல்லாம் கிடையாது தம்பி. மாநில சீரமைப்புச் சட்டம்னு 1956-ல பார்லிமெண்ட்ல போட்டாவ, அது அமலுக்கு வந்த நாள் நவம்பர் 1. அதுக்கு முந்தி ஏ பிரிவு, பி பிரிவு, சி பிரிவுன்னு பல தினுசா கிடந்த மாநிலங்களை எல்லாம் கலைச்சு 14 மாநிலம், 6 யூனியன் பிரதேசம்னு ஆக்கினாவ. சர்க்கார் காரியத்துக்கு மாசத்தோட முதல் தேதி வசதி, சம்பளம், கணக்கு, பதிவேடு எல்லாம் அதுலேர்ந்து புதுசா ஆரம்பிக்கலாம். அன்னைக்கு ஒரே கையெழுத்துல பிறந்தது கேரளா, ஆந்திர பிரதேசம், பெரிய மைசூர், மத்திய பிரதேசம் எல்லாம். பஞ்சாபும் ஹரியானாவும் பிரிஞ்சது 1966, சத்தீஸ்கர் 2000. தேதி ஒண்ணு, வருஷம் வேற, காரணமும் வேற. அதை எல்லாம் ஒரே மூட்டையில கட்டி ராசின்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும்.

நான் புளியரைக்காரன், எங்க படிப்பகத்துல கரும்பலகையில தினமும் "வரலாற்றில் இன்று" எழுதுறது என் வேலை, அதனால இந்த விஷயத்துல எனக்கு சொல்ல நிறைய இருக்கு. நாளைக்கு வாறேன்.

அக்டோபர் 28, காலை

ராசின்னா 2000-த்தையே பாருங்க. அந்த ஒரே நவம்பர்ல மூணு மாநிலம் வந்துச்சு, சத்தீஸ்கர் 1-ந்தேதி, உத்தராஞ்சல் 9, ஜார்க்கண்ட் 15. ஜார்க்கண்டுக்கு மட்டும் ஏன் 15? அது பிர்சா முண்டா பிறந்தநாள். அந்த மண்ணுல வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ன ஆதிவாசித் தலைவரோட நாளைப் பார்த்து எடுத்துக்கிட்டாவ. அதுக்கு அர்த்தம் இருக்கு, ஒருத்தர் உக்காந்து யோசிச்சு தேர்ந்தெடுத்த தேதி. பிறப்பு இறப்பு அப்படி இல்ல, அது தானா வந்து விழுறது. "இதே நாளில்"னு பட்டியல் போடுறவங்க ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஊத்திடுறாவ, எனக்கு அதுலதான் வருத்தம்.

அக்டோபர் 28, மத்தியானம்

"ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு மலைதானே"ன்னு கேட்டீங்கல்ல, இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லணும்.

1956 அக்டோபர் 31 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல, கொல்லம் மாவட்டத்துல இருந்துச்சு. திருவிதாங்கூர் காசுக்குச் சக்கரம்னு பேர், எங்க ஆச்சி கடைசி வரைக்கும் அந்தக் கணக்குத்தான் சொல்லுவா, ஒரு ரூவாய்க்கு 28 சக்கரம், தென்காசி சந்தைக்குப் போனா அணா, திரும்பி வந்தா சக்கரம். மாநிலங்களை எப்படிப் பிரிக்கலாம்னு பார்க்க 1953-ல பசல் அலி தலைமையில கமிஷன் போட்டாவ, கூட இருந்தது குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும். 1955 செப்டம்பர்ல அறிக்கை வந்துச்சு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை இந்த அஞ்சு தாலுகாவை சென்னை மாநிலத்துக்குக் குடுக்கலாம், தேவிகுளம் பீர்மேடு கேரளாவுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டாவ. முதல் நாலும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. எங்க தாலுகா திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போச்சு, அதுலயும் மலைக்கு மேக்க ஆரியங்காவுப் பக்கம் கேரளாவோட நின்னுது. அதாவது உங்க அக்கா மக ஸ்கூலுக்கும் உங்க பையன் ஸ்கூலுக்கும் நடுவுல இருக்கிற கோடு அந்த ஒரு நாள்ல போட்டது. கேரளா பக்கம் அதைப் பிறந்தநாள்னு கொண்டாடுறாவ, அது சரிதான், திருவிதாங்கூர், கொச்சி, மலபார்னு மூணா கிடந்தவங்க ஒண்ணான நாள், காசர்கோடும் கூட வந்து சேர்ந்துச்சு. நாகர்கோவில் பக்கம் அதுவே தாய்த்தமிழகத்தோட இணைஞ்ச நாள். ஆனா மூணாறு எஸ்டேட் லைன்ல இருக்கிற எங்க சித்தப்பா வீட்டுல போய் நவம்பர் 1 என்ன நாள்னு கேட்டுப் பாருங்க, ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டாவ. மூணாறு இருக்கிறது தேவிகுளம் தாலுகாவுல.

ஒரே தேதி. மூணு வீட்டுல மூணு விதம். இதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

அக்டோபர் 28, சாயங்காலம்

தமிழ்நாடு நாள் எதுன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. 2019-ல நவம்பர் 1-ன்னு அரசாங்கம் அறிவிச்சுது. 2021-ல அதை மாத்தி ஜூலை 18-ன்னு அறிவிச்சாவ, 1967-ல அந்தத் தேதியிலதான் சட்டமன்றத்துல தமிழ்நாடுன்னு பேர் வைக்க தீர்மானம் போட்டாவ. பேர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, அது பொங்கல். அந்தப் பேருக்காக விருதுநகர்ல உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் உயிர் போனது 1956 அக்டோபர் 13, நவம்பர் 1-க்கு மூணு வாரம்கூட இல்ல. பேருக்கு ஒரு நாள் வச்சது எனக்கு சம்மதம்தான். ஆனா எல்லையில இருக்கிறவனுக்கு நவம்பர் 1 அழியக்கூடாது, அன்னைக்கு எங்க ஸ்கூல்ல ஒரு அரைமணி நேரமாவது அஞ்சு தாலுகா கதையை பிள்ளைகளுக்குச் சொல்லணும். இதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

அக்டோபர் 28, ராத்திரி

சித்தூர் பக்கத்துலேர்ந்து எழுதின அண்ணாச்சிக்கு. ஆமா, உங்களுக்கு இன்னும் சிக்கல். ஆந்திராவுக்கு எது பிறந்தநாள்? பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில 58 நாள் பட்டினி கிடந்து 1952 டிசம்பர் 15 ராத்திரி உயிரை விட்டாரு. அதுக்கப்புறம் 1953 அக்டோபர் 1 ஆந்திர மாநிலம், கர்நூல் தலைநகர். 1956 நவம்பர் 1 ஹைதராபாத்தோட சேர்ந்து ஆந்திர பிரதேசம். 2014 ஜூன் 2 தெலங்கானா பிரிஞ்சு போச்சு. பிரிஞ்சதுக்கு அப்புறம் கொஞ்ச வருஷம் ஆந்திராவுல நவம்பர் 1 கொண்டாட்டமே இல்ல, 2019-லதான் மறுபடியும் ஆரம்பிச்சாவ. ஒரு மாநிலமே தன் பிறந்தநாளைத் தேடி அலைஞ்சிருக்கு.

திருத்தணி 1956-லயே வந்துட்டுன்னு நீங்க எழுதினது மட்டும் சரியில்ல. ஆந்திரா எல்லைத் தகராறுல பட்டாஸ்கர் குடுத்த தீர்ப்புக்கு அப்புறம் 1960 ஏப்ரல் 1-லதான் திருத்தணி இங்க சேர்ந்துச்சு. ம.பொ.சி. அத்தனை வருஷம் வடக்கெல்லைக்காக நின்னாரு, திருப்பதி கிடைக்கல. இதுவும் மாசத்தோட முதல் தேதி, கவனிச்சீங்களா, நிதியாண்டு ஆரம்பம் வேற.

அக்டோபர் 29, காலை

பிறப்பு இறப்பு பட்டியல் போட்ட தங்கச்சிக்கு நன்றி. அதுல ரெண்டு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. மைசூர் மாநிலத்துக்கு கர்நாடகான்னு பேர் மாத்தினது 1973 நவம்பர் 1, அதே நாள்ல மங்களூர்ல பிறந்தது ஐஸ்வர்யா ராய். அடுத்த வருஷம் 1974 நவம்பர் 1 ஹைதராபாத்ல வி.வி.எஸ். லட்சுமண். ஆந்திர பிரதேசத்தோட பிறந்தநாள்ல அதோட தலைநகர்ல ஒரு பிள்ளை பிறந்து, 2001-ல கொல்கத்தாவுல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 281 அடிக்குது. இது தானா விழுந்த தேதி, ஒரு அர்த்தமும் தேட வேண்டாம், ஆனாலும் பலகையில எழுதினா பிள்ளைங்க நின்னு பார்த்துட்டுப் போகும்.

அக்டோபர் 29, கொஞ்ச நேரம் கழிச்சு

எம்.கே. தியாகராஜ பாகவதரை விட்டுட்டாவ பாருங்க! 1959 நவம்பர் 1, சென்னையில காலமானாரு, வயசு அம்பதுகூட ஆகல. லட்சுமிகாந்தன் கொலைவழக்குல 1944-ல உள்ள போயி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, 1947-ல வெளிய வந்தாரு, அப்புறம் பழைய காலம் திரும்பல. எங்க அப்பா மாட்டு வண்டியில போகும்போது அவர் பாட்டைத்தான் பாடுவாரு. கூட ஜெயில்ல இருந்த என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில்காரரு, திருவிதாங்கூர்ல பிறந்தவரு, அவர் போனது 1957 ஆகஸ்ட் 30. அப்போ தன் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து சேர்ந்ததைப் பார்த்துட்டுத்தான் போனாரு. அதே நாகர்கோவில் பக்கத்துக் கவிமணிக்கு அந்தக் குடுப்பினை இல்ல, 1954 செப்டம்பர் 26-லயே போயிட்டாரு. தேதிகளை இப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் எனக்கு மனசுல நிக்கும்.

அக்டோபர் 29, ராத்திரி

புதுச்சேரி எப்படின்னு கேள்வி வந்திருக்கு. இதுவும் நவம்பர் 1-தான், வருஷம் 1954. பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை இந்தியா கையில ஒப்படைச்ச நாள். அதுக்கு ரெண்டு வாரம் முந்தி, அக்டோபர் 18, கீழூர்ல ஓட்டெடுப்பு, 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட சேரணும்னாவ, 8 பேர் வேண்டாம்னாவ. சட்டப்படி முழுசா மாறினது 1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரின்னா வெறும் புதுச்சேரி காரைக்கால் இல்ல, கேரளாவுக்கு நடுவுல மாகி, ஆந்திராவுக்கு நடுவுல ஏனாம், அங்க எல்லாம் அந்த வருஷம் ஜூன் ஜூலையிலயே ஊர்க்காரங்க எழும்பி பிரெஞ்சு நிர்வாகத்தை வெளியேத்திட்டாவ, நவம்பர் 1 அதுக்கு முத்திரை.

இப்போ இதைப் படிங்க. அதே 1954 நவம்பர் 1, அதே பிரான்சு, அல்ஜீரியாவுல விடுதலைப் போர் ஆரம்பிச்ச நாள். ஒரு இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிப் போறான், இன்னொரு இடத்துல விடமாட்டேன்னு நிக்கிறான், அங்க 1962 வரைக்கும் ரத்தம். இது முழுக்க தற்செயல்னு சொல்லிட முடியாது. அந்த வருஷம் மே மாசம்தான் வியட்நாம்ல தியன் பியன் பூவுல பிரான்சு தோத்துச்சு. அந்த அடியில பிரான்சு தளர்ந்து நின்னதை இங்கயும் பார்த்தாவ, அங்கயும் பார்த்தாவ. முதல் தடவை இதைப் பலகையில ரெண்டு வரியா எழுதினப்போ ஒரு பாலிடெக்னிக் பையன் அரைமணி நேரம் நின்னு கேள்வி கேட்டான். பட்டியல்னா இப்படி ரெண்டு வரி ஒண்ணை ஒண்ணு பார்க்கணும்.

அக்டோபர் 30, காலை

ஹைட்ரஜன் குண்டு முதல்ல வெடிச்சது அக்டோபர் 31-ஆ நவம்பர் 1-ஆன்னு சண்டை போடாதீங்க, ரெண்டு பேரும் சரி. 1952-ல பசிபிக் கடல்ல எனிவெடாக் தீவுல காலையில வெடிச்சப்போ அங்க நவம்பர் 1. வாஷிங்டன்ல அக்டோபர் 31. நம்ம ஊர்ல நடுராத்திரி தாண்டி முக்கால் மணி, அதனால நமக்கும் நவம்பர் 1.

அக்டோபர் 30, மத்தியானம்

இதையே கொஞ்சம் இழுத்துப் பேசலாம். நாள்னா எப்போ ஆரம்பிக்குது? பாரதியார் கடையத்துல இருந்திருக்காரு, செங்கோட்டையிலேர்ந்து ரொம்ப தூரம் இல்ல, 1918 கடைசியில ஜெயில்லேர்ந்து வந்து ரெண்டு வருஷம் செல்லம்மா ஊர்ல. அவர் உயிர் போனது 1921 செப்டம்பர் 11 ராத்திரி, கடிகாரக் கணக்குல பன்னெண்டு மணி தாண்டியாச்சு, அப்போ 12. பதிவேட்டுல 12. ஆனா நம்ம ஆளுகளுக்கு விடிஞ்சாத்தான் அடுத்த நாள், அதனால நினைவுநாள் ரொம்ப காலமா 11-தான். நான் பலகையில 11-ல எழுதி, பக்கத்துல நள்ளிரவுக்குப் பின்னாடின்னு போடுவேன்.

கேரளாக்காரங்க பிறந்தநாளை நட்சத்திரத்துல வைப்பாவ, நம்ம பக்கமும் பழைய ஆட்கள் அப்படித்தான். திருவிதாங்கூர் ராஜாக்கள் பேரைப் பாருங்க, சுவாதித் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள், எல்லாம் பிறந்த நட்சத்திரம். சித்திரைத் திருநாள் இங்கிலீஷ் தேதிப்படி பிறந்தது 1912 நவம்பர் 7. ஆனா எல்லாச் சாதி சனமும் கோயிலுக்குள்ள போகலாம்னு சொன்ன கோயில் நுழைவுப் பிரகடனத்தை அவர் பிறந்தநாளை ஒட்டி வெளியிட்டது 1936 நவம்பர் 12. ஏன்னா ஐப்பசி மாசத்துச் சித்திரை நட்சத்திரம் வருஷா வருஷம் தேதி மாறும். இது தேர்ந்தெடுத்த நாள், ராஜா தன் பிறந்தநாளுக்கு ஊருக்குக் குடுத்தது.

இதுல எங்க ஊருக்கு ஒரு பங்கு இருக்கு, அதை நினைச்சா எனக்குப் பெருமைதான். செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர். பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கிற தென்காசி பிரிட்டிஷ் இந்தியா. மதுரையில வைத்தியநாதய்யர், கோயிலுக்குள்ள விடாம வச்சிருந்த சாதி ஆட்களைக் கூட்டிக்கிட்டு மீனாட்சி கோயிலுக்குள்ள போனது 1939 ஜூலை 8, சென்னை மாகாணத்துல சட்டம் வந்ததும் அந்த வருஷம்தான். ஆக மூணு வருஷம் ஒரே சாதிக்காரன், ஒரே மாமன் மச்சான், செங்கோட்டையில கோயிலுக்குள்ள நின்னு கும்பிடலாம், தென்காசியில வாசலோட நிக்கணும். ஒரு எல்லைக்கோடு மனுஷனை என்ன பண்ணும்னு பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

அக்டோபர் 30, சாயங்காலம்

புனலூர் அண்ணாச்சி சொன்ன "தொண்ணூத்தொம்பது வெள்ளம்" 1999 இல்லப்பா, கொஞ்சம் பொறுமையா படிங்க. அது கேரளாவோட பழைய ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாசம், நம்ம கணக்குக்கு 1924 ஜூலை. மூணாறு மலை ரயிலையே அடிச்சுக்கிட்டுப் போன வெள்ளம். கேரளா பழைய ஆட்கள் பிறப்பு இறப்பு எல்லாத்தையும் அதுக்கு முந்தி அதுக்குப் பிந்தின்னுதான் சொல்லுவாவ. எங்க வீட்டுப் பழைய பத்திரத்துலயும் கொல்லம் ஆண்டுதான் இருக்கு, 825-ஐக் கூட்டிக்கோங்க, ஆவணிக்கும் மார்கழிக்கும் நடுவுலன்னா 824. 1956 நவம்பர் 1 கொல்லம் 1132 ஐப்பசி.

அக்டோபர் 31, ராத்திரி

23 பேர் ஒரு ரூம்ல இருந்தா ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க பாதிக்கு மேல வாய்ப்புன்னு ஒரு கணக்கு வாத்தியார் போட்டிருக்காரு. சரிதான். 366 நாள்ல எந்த நாளை எடுத்தாலும் பட்டியல் நிறையும். பெரியார் 1973 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24. காமராஜர் 1975-ல காந்தி ஜெயந்தி அன்னைக்கு. இது விழுந்த தேதி, கேட்டா மனசு கனக்கும், அவ்வளவுதான், விதின்னு கதை கட்ட வேண்டாம்.

நவம்பர் 1, காலை 7 மணி

பலகை எழுதியாச்சு. மேல 1956, அஞ்சு தாலுகா பேரோட. அப்புறம் 1858, அலகாபாத்ல கானிங் பிரபு விக்டோரியா ராணியோட பிரகடனத்தை வாசிச்சு கம்பெனி ஆட்சி முடிஞ்ச நாள். அப்புறம் 1954, புதுச்சேரியும் அல்ஜீரியாவும் பக்கத்துல பக்கத்துல. 1755 லிஸ்பன் நிலநடுக்கம், சகல புனிதர்கள் திருநாள் பூசைக்கு கோயில் நிறைய சனம் நின்ன நேரம், இடிபாடு, தீ, பின்னாடியே கடல் ஏறி வந்துச்சு. பாகவதர். லட்சுமண். இடம் தீர்ந்து போச்சு, ஐஸ்வர்யா ராயை ஓரத்துல சின்னதா எழுதினேன்.

1984-ஐ எழுத வேண்டாம், பிள்ளைங்க படிக்கிற இடம்னு ஒருத்தர் நேத்து சொன்னாரு. இந்திரா காந்தி கொலைக்கு மறுநாள், நவம்பர் 1, டெல்லியில சீக்கியக் குடும்பங்களை வீடு வீடா தேடிக் கொன்னாவ. நான் எழுதிட்டேன். மாநிலம் பிறந்ததை மட்டும் எழுதி, மனுஷன் செத்ததை மறைக்க எனக்கு மனசு வரல.

நவம்பர் 1, மத்தியானம்

வாஞ்சிநாதனை ஏன் எழுதலன்னு செங்கோட்டைத் தம்பிக கோபப்படுறாவ. அவர் நாள் ஜூன் 17 அப்பா. 1911, மணியாச்சி ஜங்ஷன், கலெக்டர் ஆஷ் செத்ததும் வாஞ்சி தன்னைச் சுட்டுக்கிட்டதும் ஒரே நாள், நிமிஷக் கணக்குல. அஞ்சு நாள்ல ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டன்ல முடிசூட்டு விழா, அதை மனசுல வச்சுத்தான் செஞ்சதுன்னு அவர் சட்டைப்பையில இருந்த கடிதமே சொல்லுது. நம்ம ஊர்க்காரரு, வேலை பார்த்தது புனலூர்ல திருவிதாங்கூர் வனத்துறையில. அப்போ ரயில் வந்து ஏழு வருஷம்தான், 1904-ல கொல்லம் செங்கோட்டைப் பாதை திறந்தாச்சு, அந்த பதிமூணு கண் பாலத்து வழியாத்தான் அவரும் போய் வந்திருப்பாருன்னு நினைச்சுக்குவேன்.

நவம்பர் 3

ஆகஸ்ட் 11 பத்தி விளவங்கோட்டுலேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காவ, அதுக்கு மட்டும் பதில் சொல்லிடுறேன். 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டுச்சு, தமிழ்நாட்டோட சேரணும்னு ஊர்வலம் போன சனங்க மேல. முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை, அவர் கட்சியிலேர்ந்தே லோகியா அவரை ராஜினாமா பண்ணச் சொன்னாரு. நேசமணி ஐயா நடத்தின போராட்டத்துக்குக் குடுத்த விலை அது. நவம்பர் 1-ஐ எழுதுற யாரும் ஆகஸ்ட் 11-ஐ விட்டுட்டு எழுதக்கூடாது, அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி.

செத்தவங்க எண்ணிக்கை ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணா இருக்கு, அதனால நான் எண்ணிக்கையா போட விரும்பல, பேரா போடணும். புதுக்கடைப் பக்கத்து ஆட்கள் நினைவிடத்துல இருக்கிற பேரை எல்லாம் தெளிவா போட்டோ எடுத்து இங்க போடுங்க. வீட்டுல பெரியவங்க யாராவது அன்னைக்கு அங்க நின்னவங்க இருந்தா அவங்க சொல்றதை போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க, எழுத்தாக்கித் தர நான் இருக்கேன்.